அண்ணனுக்கும் கொடுக்காத போத்தல்

என் ஆசை மச்சானுக்கு,

உங்கள் முதல் வருடப் படையல் போன ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தது. மழை பெய்யவில்லை. கருவாட்டுக் குழம்பு நன்றாக வந்தது. நீங்கள் இருந்திருந்தால் அதிலும் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவையும் சோறு போடச் சொல்லியிருப்பீர்கள்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. உங்களுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை உடைத்துவிட்டேன். கோபப்படாமல் கடைசிவரை கேளுங்கள். என் கையை எடுத்து உங்கள் தலையில் வைத்து, இந்தத் தலை இருக்கும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதானே சத்தியம் வாங்கினீர்கள்? தலையை நீங்களே கொண்டுபோய்விட்டீர்கள். பிறகு சத்தியம் மட்டும் இங்கே தனியாக இருந்து என்ன செய்யப் போகிறது?

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் ஆள் பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதவில்லை. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும். இரத்தினபுரிப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கா பஞ்சம்? யார் என்று தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும். கீழ்க் கிராமத்துச் சோமா அக்காவின் பெயரை மட்டும் எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

நான் சொல்லப் போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்த கதை. படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் குடித்தீர்கள். அதை மூடி மறைத்து உங்களைச் சாமியாக்க எனக்கு ஆசை இல்லை. விடியற்காலையில் மலையேறிப் பால் வெட்டி, வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் மத்தியானத்தோடு ரப்பர் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை லயத்து வரிசைக் காம்பராக்களில் இருக்கிற ஆம்பளைகளுக்கு வேறு என்ன வேலை? கிடைத்தால் சாராயம், கிடைக்காவிட்டால் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய கசிப்பு. நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். உங்கள் அண்ணன் நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அண்ணனும் தம்பியும் ஒரே கிளாசில் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுவீர்கள். எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது.

பிறகு ஒரு நாள் காலையில் மலையில் உங்கள் கை நடுங்கியது. ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், உள்ளே மரத்தில் கத்தி படக்கூடாது. பட்டால் அந்த இடம் வீங்கி முண்டு முண்டாகிவிடும், பிறகு அங்கே வெட்ட முடியாது. அன்றைக்கு உங்கள் மரங்களில் பாதிக்கு மேல் கத்தி உள்ளே இறங்கியிருந்தது. கங்காணி எல்லோர் முன்னாலும் ஏசினார். அது உங்களுக்கு உறைத்த மாதிரித் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, “மரத்தையெல்லாம் கொத்திப் போட்டுட்டேன் புள்ள” என்றீர்கள். அவ்வளவுதான். சாமிக்கு நேர்ந்துகொள்ளவில்லை, கையில் கயிறு கட்டவில்லை. அன்றோடு விட்டுவிட்டீர்கள்.

விட்டது பெரிதில்லை. பொழுது சாயும்போது நீங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இஸ்தோப்புத் திண்ணையில் உட்காருவீர்கள், எழுந்திருப்பீர்கள், மறுபடி உட்காருவீர்கள். கை சும்மா இருக்காது.

“கையில ஏதாச்சும் வேணும் புள்ள” என்றீர்கள்.

“தேத்தண்ணி ஊத்தித் தரவா?”

“தேத்தண்ணியக் கையில எடுத்தாலே காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போற ஞாபகம் வருது.”

“அப்ப தண்ணி குடிங்க.”

“தண்ணி எறங்குறதே தெரியல. தொண்டையில ஒரு உறைப்பு இருக்கணும்.”

அந்த உறைப்பைத் தேடித்தான் நீங்கள் அடுப்படிக்குள் வந்தீர்கள். அதற்கு முன்னால் அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்றாவது உங்களுக்குத் தெரியுமா? வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் நிற்கிற மரத்திலிருந்து, சிலர் எலுமிச்சை என்கிற தேசிக்காய் பறித்து வந்தீர்கள். சோமா அக்காவிடம் தொண்டைக்கு இதமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, வேலியோரத்தில் நின்ற எலுமிச்சம்புல்லை ஒரு கொத்து வேரோடு பிடுங்கித் தந்தார். சேர என்று சிங்களத்தில் அவர் சொன்ன பெயர்தான் நம் வீட்டிலும் நிலைத்தது. நம் காம்பராவுக்குப் பின்னால், தண்ணீர் ஓடுகிற கானோரமாக நட்டீர்கள். இப்போது அது புதர் மாதிரி வளர்ந்து கிடக்கிறது.

முதல் தடவை செய்ததை மறந்துவிட்டீர்களா? நான் மறக்கவில்லை. வீட்டில் பெரிய பாத்திரம் இல்லை என்று பால் வாளியைக் கழுவி அதில் கரைத்தீர்கள். கழுவினீர்களாம்! விளிம்பில் ஒட்டியிருந்த ரப்பர் பாலுக்குத் தேசிக்காய்ப் புளி பட்டால் என்ன ஆகும் என்று பால் வெட்டுகிறவனுக்குத் தெரியாதா? ஸ்டோரில் ஆசிட் ஊற்றி உறைய வைக்கிற வேலையைத் தேசிக்காய் நம் வீட்டிலேயே செய்து காட்டியது. வெள்ளை வெள்ளையாக மேலே மிதந்தது. நீங்கள் ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பல்லில் எதையோ இழுத்தீர்கள், அது இழுக்க இழுக்க நீண்டது. மகளும் நானும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒட்டுப்பால் சர்பத் என்று நான்தான் பெயர் வைத்தேன்.

வீட்டுக்குள் குடிக்க ஒன்று கிடைத்துவிட்டது. வெளியே என்ன செய்வது? மேல் லயத்தில் ஒருவர் குடியை விட்டுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அந்த வருடத் திருவிழாவில் இரண்டு பேர் அவர் கையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் வாயில் ஊற்றினான். பகையால் இல்லை, பாசத்தால்! நம் ஆட்களின் பாசம் அப்படித்தான். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது நினைவிருக்கிறது.

“நிப்பாட்டிட்டேன்னு சொன்னா ஊத்தி விட்டுருவானுங்க புள்ள. அதுலயும் எங்கண்ணன் இருக்கானே, மடியில படுக்கப் போட்டு ஊத்துவான். கையில போத்தல் இருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

அன்றுதான் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். அன்றுதான் அந்தப் பழைய சாராயப் போத்தலைக் கழுவி எடுத்து வைத்தீர்கள்.

நிறம்தான் உங்களை ஆட்டிவைத்தது. கித்துல் கருப்பட்டி போட்டால் சாராய நிறம் அச்சாக வந்துவிடுகிறது என்று குதித்தீர்கள். தேசிக்காய் பிழிந்ததும் வெளுத்துப் போனது. தேசிக்காய் இல்லாமல் குடித்துப் பார்த்து, இது கஷாயம் என்றீர்கள். கொஞ்சம் கருப்பட்டியை இரும்புச் சட்டியில் கருக்கிக் கடைசியில் ஊற்றுங்கள் என்று யார் சொன்னது? நான்தான். துணியில் இரண்டு தடவை வடித்தால் கலங்கல் போகும் என்று சொன்னது நீங்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் போத்தலை வெயிலில் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “கடைக்காரனே ஏமாந்துருவான்” என்றீர்கள். மணமகன் மாதிரி உங்கள் முகம் பளபளத்தது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம், மச்சான். எத்தனை கல்யாணம், எத்தனை சடங்கு, எத்தனை திருவிழா! இடுப்பில் போத்தலைச் செருகிக்கொண்டு போவீர்கள். யாராவது ஊற்ற வந்தால் அதைத் தட்டிக் காட்டுவீர்கள். யாராவது அதில் ஒரு வாய் கேட்டால், “இது எனக்கே பத்தாது” என்று முதுகைத் திருப்பிக்கொள்வீர்கள். உறவுக்காரர்கள் மத்தியில் உங்களுக்குக் கஞ்சன் என்று பெயர் வந்தது. கையில் இருக்கிற கடைசி ரொட்டியையும் பிய்த்துக் கொடுக்கிற மனிதருக்குக் கஞ்சன் என்று பெயர்! எனக்கு ஆற்றாமையாக இருக்கும். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

அண்ணன் மகளின் கல்யாணத்தில் தப்பு மேளச் சத்தத்துக்கு நீங்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, இவனுக்கு இன்றைக்கு ஏறிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பந்தலில் தெளிவாக இருந்த ஒரே ஆம்பளை நீங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் நம்மவர்களுக்கும் கைகலப்பு வரப் பார்த்தபோது நடுவில் போய் நின்றதும் நீங்கள். விழுந்து கிடந்த அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டெல்லாம் ஏறி லயத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும் நீங்கள். மறுநாள் அவர், “நீயும் போதையில, நானும் போதையில, எப்படிடா வந்து சேந்தோம்?” என்று கேட்டார். சாமி கொண்டுவந்து விட்டது என்று சொன்னீர்களாமே.

பஸ்ஸை ஆமிக்காரர்கள் மறித்த நாளையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் தமிழ் ஆட்கள் என்றால் இறக்கி நிறுத்திக் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். அண்ணன் அடையாள அட்டையை எங்கோ தொலைத்துவிட்டு, சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நீங்கள்தான் இறங்கிப் போய் நிதானமாகச் சிங்களத்தில் பேசினீர்கள். எந்தத் தோட்டம், எந்தக் கல்யாணம், யார் அண்ணன், எல்லாம் சொன்னீர்கள். அந்த ஆமிக்காரர் உங்கள் இடுப்பிலிருந்த போத்தலைப் பிடுங்கித் திறந்து மோந்து பார்த்தார். அவர் கண் விரிந்தது.

“மேக்க தெஹி வத்துர நேத?” என்றார். இது தேசிக்காய்த் தண்ணீர்தானே என்று கேட்டார்.

நீங்கள் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சத்தம் போட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டீர்கள். அவர் சிரித்துவிட்டார். மூடியைத் திருகி உங்கள் கையில் கொடுத்து, எல்லோரையும் போகச் சொன்னார். ஊர் பேர் தெரியாத ஆமிக்காரருக்குத் தெரிந்தது உங்கள் கூடப் பிறந்தவருக்குத் தெரியாமல் போனது.

இப்போது நீங்கள் பார்க்காத பாதிக்கு வருகிறேன்.

உங்களை மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அன்று, நெஞ்சு வலி என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். லயத்தில் யார் அதைக் காதில் வாங்கினார்கள்? குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது என்று இழவு வீட்டிலேயே பேசினார்கள். நான் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். கருமாதி அன்று இலையில் உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். அண்ணன் ஒரு முழுப் போத்தல் சாராயத்தைக் கொண்டுவந்து வைத்தார். நீங்கள் வந்து சாப்பிடக் கதவைச் சாத்தி, பிறகு திறந்து, வழக்கம்போல ஆம்பளைகள் அதை எடுத்துப்போய்ப் பங்குபோட்டார்கள். “செத்த பொறகாவது ஆசை தீரக் குடிச்சிட்டுப் போறான்” என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

அந்தச் சொல் ஒரு வருடமாக என்னோடு கூடவே இருந்தது, மச்சான். ஒன்பது வருடம் ஒவ்வொரு சாயங்காலமும் நீங்கள் உங்களோடு போராடினீர்கள். அதையெல்லாம் ஒரே ஒரு போத்தலை வைத்து இல்லாமல் பண்ணிவிட்டார்களே என்று எரிந்தது. இதற்குமேல், கஹவத்தை பஸ் நிலையத்தில் ஒரு பொம்பளை நம் மகளிடம், “ஒங்கப்பாவத்தான் சாராயம் கொண்டு போயிருச்சே” என்று பரிதாபப்பட்டாளாம். மகள் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல், “அம்மா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?” என்று கேட்டாள்.

நானே சொல்கிறேன் என்றேன். சொல்வதை அண்ணனிடமிருந்து தொடங்க வேண்டும் என்றும் முடிவு செய்தேன். அவர் ஒத்துக்கொண்டால் ஊர் ஒத்துக்கொள்ளும். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால்? மகளுக்குக் கொஞ்சம் பயம்தான். நாளைக்கு அவள் கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்று கையைப் பிடித்துக் கொடுக்க வேறு யார் இருக்கிறார்? நாலு பேர் முன்னால், தம்பியையே உனக்குத் தெரியாது என்று பெரியப்பாவிடம் சொல்வது சின்ன விஷயமா? எனக்குப் பயமில்லை. உண்மை என் பக்கம் இருந்தது, போத்தலும் என் கையில் இருந்தது.

படையலுக்கு முதல் நாள் மத்தியானம் அடுப்பைப் பற்றவைத்தேன். நான் செய்ததைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். சேரப் புல்லில் ஓலையை விட்டுவிட்டு அடித்தண்டை மட்டும் எடுத்தேன். அம்மியில் வைத்து நசுக்கினேன், அரைக்கவில்லை. இஞ்சியும் அப்படித்தான். கொதிக்கிற தண்ணீரில் இரண்டையும் நாலு மிளகையும் போட்டு, மூடி, இறக்கி வைத்தேன். நீங்கள் மூடியைத் திறந்து திறந்து மோந்து பார்ப்பீர்கள், பாதி வாசம் கூரைக்குப் போய்விடும். நான் திறக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் போட்டேன்.

நன்றாக ஆறிய பிறகுதான் தேசிக்காய். சூட்டில் பிழிந்தால் கசக்கும் என்பது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். அதை நீங்களே கண்டுபிடித்த மாதிரி மகளிடம் பெருமை அடித்ததும் எனக்குத் தெரியும். புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டு, வாசம் இறங்கியதும் எடுத்துவிட்டேன். சாராயத்தில் இலை மிதக்காது இல்லையா? துணியில் இரண்டு தடவை வடித்தேன். கருக்கிய கருப்பட்டியை ஒரு கரண்டி விட்டேன். உங்கள் கத்தியோடு பெட்டியில் வைத்திருந்த போத்தலை எடுத்து நிரப்பி, வாசலில் போய் வெயிலில் தூக்கிப் பிடித்தேன். கடைக்காரன் மறுபடியும் ஏமாந்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் அண்ணன் வந்தார். கடுதாசியில் சுற்றிய போத்தலை என்னிடம் நீட்டினார்.

“இந்தா புள்ள, தம்பிக்கு.”

வாங்கி இலையில் வைத்தேன். பக்கத்தில் உங்கள் போத்தல் ஏற்கெனவே இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, நீயும் வாங்கி வச்சிட்டியா? போன தடவ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுக் கெடந்த!”

“வாங்கலிங்க மச்சான். அது அவரோடது.”

“மிச்சம் வச்சிட்டா போனான்? சாகும்போதும் கஞ்சத்தனம் போகல பாரு!”

இஸ்தோப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சாம்பிராணியை ஊதினாள்.

கதவைச் சாத்தும்போது அண்ணன் உங்கள் படத்தைப் பார்த்து, “வந்து சாப்பிட்டுட்டுப் போடா தம்பி” என்று கூப்பிட்டார். அந்தக் குரலில் பாசத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டதும் ஒரு வருடமாக அவர்மேல் இருந்த கோபம் எனக்குப் பாதியாகிவிட்டது. தெரியாமல் செய்தவரை என்ன சொல்வது?

கதவைத் திறந்தோம். ஆம்பளைகள் கிளாசைத் தேட ஆரம்பித்தார்கள். நான் உங்கள் போத்தலை எடுத்தேன்.

“அவரோடத மொதல்ல நீங்கதான் குடிக்கணும் மச்சான்.”

“ஒரு வழியா இன்னைக்காவது குடுக்கிறானே!” என்று கிளாசை நீட்டினார். ஊற்றினேன். தலையை அண்ணாந்து ஒரே மடக்கில் இறக்கினார். பிறகு அப்படியே நின்றார். வாயைத் துடைத்தார். கிளாசுக்குள் பார்த்தார்.

“என்னா புள்ள இது?”

“தேசிக்காய்த் தண்ணி.”

“அது தெரியுது. இத ஏன் போத்தல்ல ஊத்தி வச்சிருக்க?”

“இன்னைக்கு ஒரு நாள்தான் நான் ஊத்துனேன் மச்சான். ஒம்பது வருசமா ஊத்துனது ஒங்க தம்பி.”

அவருக்குப் புரியவில்லை. நான் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் மகள் முன்னால் வந்துவிட்டாள். “பெரியப்பா, அப்பா குடிக்கலிங்க. ஒம்பது வருசமா ஒரு சொட்டுக் குடிக்கல. எங்க போனாலும் இதத்தான் இடுப்புல வச்சிருந்தாரு. சொன்னா நீங்கெல்லாம் ஊத்தி விட்டுருவீங்கன்னு பயந்துக்கிட்டு யாருக்கும் சொல்லல.”

அண்ணன் கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். மகளின் கை என் சேலையைப் பிடித்தது. போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் வாசல் பக்கம் போகவில்லை. உள்ளே போய் உங்கள் படத்துக்கு முன்னால் நின்றார்.

“அப்ப என் மக கல்யாணத்துல?” என்று உங்களிடம்தான் கேட்டார். நான் பின்னால் நின்று பதில் சொன்னேன்.

“அன்னைக்கும் இதுதான் மச்சான்.”

“பஸ்ஸுல ஆமிக்காரன் புடிச்சப்ப?”

“அதுவும் இதுதான்.”

அவர் தோள் குலுங்கியது. போதை இல்லாமல் உங்கள் அண்ணன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“கஞ்சப் பயலே,” என்றார். “எனக்கு ஒரு வாய் குடுத்தியாடா? கூடப் பொறந்தவன்தானே நான்? அன்னைக்கே ஒரு வாய் குடுத்திருந்தா நானும்…”

மீதியை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உங்களுக்காவது கேட்டதா, மச்சான்? ஏன் கொடுக்கவில்லை? மடியில் படுக்கப் போட்டு ஊற்றுவார் என்று பயந்தீர்களே, ஒருவேளை அவரும் உங்களிடம் எதையோ கேட்கக் காத்திருந்தாரோ? இதை மட்டும் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கிளாசை மறுபடி நீட்டினார். இந்தத் தடவை மெதுவாகக் குடித்தார். குடித்துவிட்டு, “உப்புப் பத்தாது” என்றார். உங்கள் அண்ணன்தான், சந்தேகமே இல்லை. அவர் கொண்டுவந்த போத்தலை இலையிலிருந்து எடுத்து அதே கடுதாசியில் சுற்றிப் பையில் வைத்தார். மற்றவர்கள் அதையே பார்த்தார்கள். மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டார். அந்தப் போத்தலை வழியில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

லயத்தில் இந்த வாரம் முழுவதும் உங்கள் பேச்சுதான். நம்பாதவர்களும் இருக்கிறார்கள். புருசன் மானத்தைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்று ஒருத்தி சொன்னாளாம். அவளுக்கும் ஒரு கிளாஸ் அனுப்பி வைத்தேன். பஸ் நிலையத்துப் பொம்பளையிடம் நம் மகள், “எங்கப்பாவக் கொண்டு போனது நெஞ்சு வலி. சாராயத்த அவரு எப்பவோ வீட்ட விட்டு அனுப்பிட்டாரு” என்று சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். உங்கள் திமிர் அப்படியே இருக்கிறது. சோமா அக்காவுக்கு மட்டும் இதில் ஆச்சரியமே இல்லை. ஒன்பது வருடமாக அவர் வேலித் தோட்டத்தில் இஞ்சியும் புதினாவும் கேட்டு வந்த ஆள் குடிக்கிற ஆளா என்று என்னையே கேட்டார்.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். இன்றைக்கு மத்தியானம் மகளின் போன் அடித்தது. உங்கள் அண்ணன். எங்கோ மறைவில் நின்று பேசுகிறவர் மாதிரிக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“புள்ள, சேரயும் இஞ்சியும் போட்டேன். வாசம் சரியா வருது.”

“உப்பு?”

“உப்பு நான் போட்டா சரியாத்தான் இருக்கும். அது இல்ல. நெறம் வர மாட்டேங்குது புள்ள. வெளுத்துப் போயிக் கெடக்கு. நாளைக் கழிச்சு இங்க ஒரு கல்யாணம்.”

வீட்டுக்குள் குடிக்கிறவருக்கு நிறம் எதற்கு, மச்சான்?

“கருப்பட்டியில கொஞ்சத்த இரும்புச் சட்டியில போட்டுக் கருக்குங்க. தீய விட்டுறாதீங்க, கசந்துரும். வடிச்ச பொறகு கடைசியா ஒரு கரண்டி. துணியில ரெண்டு தடவ வடிக்கணும்.”

“சரி, சரி. யார்கிட்டயும் சொல்லிறாத. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

“ஒங்க தலை மேல சத்தியம் மச்சான்” என்றேன்.

ஆள் பெயர் எழுதாததற்கு இதுதான் காரணம். உங்களிடம் சொன்னது கணக்கில் சேராது, நமக்குள் ஒளிவு மறைவு ஏது? ஒவ்வொரு வருடமும் உங்கள் இலையில் உங்கள் போத்தல்தான் இருக்கும். உப்பைக் கொஞ்சம் கூட்டியே போடுகிறேன். உங்களுக்குக் கொடுத்த சத்தியத்தை உடைத்த மாதிரி இதை உடைக்க மாட்டேன். இந்தத் தலையாவது ரொம்ப நாள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள், உங்கள் அண்ணனுக்கு இப்போது கூட்டாளி,
என்றைக்கும் உங்கள் பெண்சாதி.